தாத்தா நடந்த தூரம்

ஸ்ரீரங்கத்தில் எந்தப் பழைய வீட்டுக்குள் நுழைந்தாலும் கூடத்துச் சுவரில் இரண்டு படங்கள் இருக்கும். ஒன்று, பெரிய பெருமாள். இன்னொன்று, அந்த வீட்டுத் தாத்தா. நாற்காலியில் விறைப்பாக, முழங்கால்கள் மேல் கையை வைத்துக்கொண்டு, போட்டோ எடுக்கிறவர் ஏதோ கடன் பாக்கி வைத்திருக்கிற மாதிரி முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பெருமாள் படுத்திருப்பார். தாத்தா படுத்தியிருப்பார். அதுதான் வித்தியாசம்.

எங்கள் தாத்தாவும் அடையவளஞ்சான் தெரு வீட்டில் அப்படித்தான் அறுபது வருஷத்துக்கு மேலாக முறைத்துக்கொண்டிருந்தார். அவர் பெரிய சாகசக்காரர் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். ஆடி வெள்ளத்தில் கொள்ளிடத்தை நீந்திக் கடந்து, அக்கரையில் வெள்ளரிக்காய் பறித்துக்கொண்டு, திரும்ப நீந்தி வந்தவர். (வெள்ளத்தில் வெள்ளரிக்காய் எப்படிக் காய்க்கும் என்று கேட்ட என் தம்பிக்கு அத்தையிடமிருந்து ஒரு குட்டு.) ஐம்பத்திரண்டு வயதில் சைக்கிள் கற்றுக்கொண்டு, பிரேக் சமாசாரத்தை மட்டும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, அம்மா மண்டபம் படித்துறையில் சைக்கிளோடு காவேரி ஸ்நானம் செய்தவர். மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு மதில் மேல் ஏறிய குரங்கிடம் நேரடியாகப் பேச்சுவார்த்தை நடத்தி, ஒரு சீப்பு வாழைப்பழத்துக்குக் கண்ணாடியை மீட்டவர்.

இதெல்லாம் சில்லறை. பெரிய நோட்டு ஒன்று உண்டு.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுல ராஜாஜியோட திருச்சியிலேர்ந்து வேதாரண்யம் வரைக்கும் நடந்தவர்டா உங்க தாத்தா! உனக்கு வெத்தலைக் கடை வரைக்கும் போக சைக்கிள் வேணுமாக்கும்?"

வருஷா வருஷம் ஆவணியில் தாத்தாவின் திவசத்தன்று, இலை போட்டு, வாத்தியார் ஸ்வாமி தட்சிணையோடு கிளம்பிப் போனதும் இந்தப் பேச்சு வரும். நான் நாலாவது படித்தபோது தாத்தா திருவையாறு வரை நடந்திருந்தார். காலேஜ் சேர்ந்தபோது கும்பகோணம் வந்துவிட்டார். எனக்குக் கல்யாணம் ஆன வருஷம் வேதாரண்யம் போய்ச் சேர்ந்து உப்பையே அள்ளிவிட்டார். இரண்டு வருஷம் முன்னால் என் பேத்தி ஸ்கூலில் எழுதிய கட்டுரையில் பார்த்தால், குஜராத்தில் தண்டி கடற்கரையில் காந்திக்குப் பக்கத்தில் நிற்கிறார்! இறந்துபோய் அறுபது வருஷத்துக்கு அப்புறமும் இப்படி விடாமல் நடக்கிற தாத்தா உலகத்திலேயே எங்களுக்குத்தான் வாய்த்திருக்கிறார்.

வேதாரண்யம் சமாசாரம் தெரியாத இளைஞர்களுக்காக ஒரு சின்ன பிளாஷ்பேக்.

1930 மார்ச்சில் காந்தி தண்டிக்கு நடந்தார். அதே மாதிரி தெற்கே ஒன்று நடத்த வேண்டும் என்று ராஜாஜி முடிவு செய்தார். ஏப்ரல் 13-ம் தேதி, தமிழ் வருஷப் பிறப்பு. ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்த அதே தேதி. அன்று விடியற்காலையில் திருச்சி கண்டோன்மென்ட்டில் ஒரு டாக்டரின் வீட்டிலிருந்து சுமார் 100 தொண்டர்கள் கிளம்பினார்கள். பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். மொத்தம் 150 மைல். முதல் நாள் ராத்திரி கோவிலடி. அப்புறம் திருவையாறு, தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று பதினைந்து நாள் நடந்து, 28-ம் தேதி வேதாரண்யம். 30-ம் தேதி அகஸ்தியம்பள்ளியில் ராஜாஜி உப்பை அள்ள, போலீஸ் ராஜாஜியை அள்ளியது.

நடுவில் தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் என்ற வெள்ளைக்காரர் ஒரு உத்தரவு போட்டார். நடக்கிறவர்களுக்குச் சோறோ, தங்க இடமோ கொடுத்தால் கொடுத்தவருக்கு ஜெயில். தஞ்சாவூர் ஜில்லாக்காரர்களிடம் போய், வந்தவனுக்குச் சோறு போடாதே என்று சொன்னால் கேட்பார்களா? வீட்டில் வைத்துத்தானே போடக்கூடாது என்று, சாப்பாட்டுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். புளியமரத்தில் புளியோதரை காய்த்தது. எந்தச் சட்டப்படி மரத்தைக் கைது செய்வது?

வேதாரண்யத்தில் வைரப்பன் என்று ஒரு சவரத் தொழிலாளி. ஒருத்தருக்கு முகச் சவரம் செய்துகொண்டிருந்தார். பாதியில்தான் தெரிந்தது, உட்கார்ந்திருப்பவர் சத்தியாகிரகிகளை அடக்க வந்த போலீஸ்காரர் என்று. கத்தியைக் கீழே வைத்துவிட்டார். மீதிப் பாதியை முடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதற்காக ஜெயிலுக்குப் போனார். ஊரில் அவருக்கு இன்று நினைவுத்தூண் இருக்கிறது. பாதி வேலைக்கு நினைவுத்தூண் கிடைத்த மனிதர் அவர் ஒருவராகத்தான் இருக்கும். (நம் ஊரில் பாதி பாலத்துக்கெல்லாம் திறப்பு விழாக் கல்வெட்டு இருக்கிறது. அது வேறு.)

சரி, யாத்திரை எந்த டாக்டரின் வீட்டிலிருந்து கிளம்பியது என்றேனே, அவரைச் சொல்லியாக வேண்டும். சாகசத் தாத்தா என்றால், ஸ்ரீரங்கத்துக்கே பொதுவான சாகசத் தாத்தா அவர்தான்.

டி.எஸ்.எஸ். ராஜன். 1880-ல் ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர். எங்கள் பக்கத்தில் ஒரு வயசுக்கு மேற்பட்ட யாரிடம் கேட்டாலும், "டாக்டர் ராஜனா? எங்க தாத்தாவுக்கு ரொம்ப சிநேகிதம்" என்பார்கள். அந்தக் கணக்கைக் கூட்டினால், சிநேகிதர்களோடு பேசி முடிக்கவே அவருக்கு நாலு ஆயுசு வேண்டியிருந்திருக்கும். எங்கள் தாத்தாவும் அந்த லிஸ்டில் உண்டு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சென்னை ராயபுரத்தில் வைத்தியம் படித்து, பர்மாவுக்குப் போய் டாக்டராக வேலை பார்த்து, அங்கேயே இருந்து சம்பாதித்திருக்கலாம். இருக்கவில்லை. மேல்படிப்புக்கென்று 1907-ல் லண்டனுக்குக் கப்பல் ஏறிவிட்டார். கடல் தாண்டினால் ஜாதியை விட்டே தள்ளிவைக்கிற காலம் அது. கொள்ளிடப் பாலம் தாண்டுவதற்கே நல்ல நாள் பார்த்த ஊரிலிருந்து ஒருத்தர் லண்டனுக்குப் போனார் என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

போன இடத்தில் படித்தோமா, வந்தோமா என்று இருந்தாரா? அதுவும் இல்லை. லண்டனில் இந்தியா ஹவுஸ் என்று ஒரு வீடு. வெளியே துப்பறிகிற போலீஸ், உள்ளே சாவர்க்கர். அங்கே இவருக்குத் துணை, காவேரிக்கு இந்தப் பக்கம் திருச்சி வரகனேரியைச் சேர்ந்த வ.வே.சு. ஐயர்.

1909-ல் அங்கே விஜயதசமிக்கு இந்தியர்கள் ஒரு விருந்து ஏற்பாடு செய்தார்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த ஒரு பாரிஸ்டரைத் தலைமை தாங்கக் கூப்பிட்டிருந்தார்கள். சைவச் சாப்பாடு என்றால் வருகிறேன் என்று அவர் நிபந்தனை. ராஜன் முதலான இளைஞர்கள் தாங்களே சமையல் கட்டில் இறங்கினார்கள். மத்தியானம் ஒல்லியாக, குள்ளமாக ஒரு ஆசாமி வந்து, பேசாமல் பாத்திரம் தேய்க்கவும் காய்கறி கழுவவும் ஆரம்பித்தார். கூட ஒரு கை கிடைத்ததே என்று இவர்களும் வேலை வாங்கியிருக்கிறார்கள். சாயங்காலம் ஐயர் உள்ளே வந்து பார்த்துத் திடுக்கிட்டபோதுதான் தெரிந்தது, பாத்திரம் தேய்க்கிறவர்தான் தலைமை தாங்க வந்த பாரிஸ்டர் காந்தி!

இதை ராஜன் தாமே எழுதியிருக்கிறார். 1947-ல் வந்த அவருடைய சுயசரிதை 'நினைவு அலைகள்'. கிடைத்தால் படியுங்கள். தன்னைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவர்கள் சாதாரணமாக, காந்தியை முதலில் அடையாளம் கண்டது நான்தான் என்று எழுதுவார்கள். காந்தியிடம் வேலை வாங்கிவிட்டேன் என்று எழுதுவதற்குத் தனியாக ஒரு மனசு வேண்டும்.

கூட இருந்த ஐயர் கதை இன்னும் ஒரு படி மேலே. 1910-ல் போலீஸ் தேடியபோது சீக்கியர் மாதிரி தாடியும் தலைப்பாகையுமாகத் தப்பிப் புறப்பட்டார். பெட்டியில் வி.வி.எஸ். என்ற எழுத்துகள். நீங்கள்தானே ஐயர் என்று மடக்கியவரிடம், என் பெயர் வீர விக்ரம் சிங் என்று அதே மூன்று எழுத்துக்கு வேறு பெயர் சொல்லித் தப்பினார் என்பார்கள். அந்த வருஷமே புதுச்சேரி வந்து சேர்ந்தார். ஐரோப்பாவின் போலீஸையெல்லாம் தாண்டி வந்த அந்த மனிதர், 1925-ல் பாபநாசம் அருவியில் விழுந்த தன் பெண்ணைக் காப்பாற்றக் குதித்துத் திரும்பவேயில்லை. வேஷம் போட்டுப் போலீஸை ஏய்த்ததைவிட, நான் அவரை நினைத்துக்கொள்வது இந்தக் குதிப்புக்காகத்தான். அங்கே புரட்சிக்காரர் குதிக்கவில்லை. அப்பா குதித்தார்.

ராஜன் லண்டனில் பட்டம் வாங்கிக்கொண்டு வந்து, எந்த ஊரில் கடல் தாண்டுவது குற்றமோ அதே ஸ்ரீரங்கத்தில் வைத்தியம் பார்க்க உட்கார்ந்தார். அப்புறம் திருச்சி கண்டோன்மென்ட். நல்ல பிராக்டிஸ். 1919-ல் ரௌலட் சட்டத்துக்கு எதிர்ப்பு, அப்புறம் ஒத்துழையாமை, ஜெயில். 1930-ல் அவருக்கு வயது 50. நமக்கெல்லாம் அந்த வயதில் டாக்டரிடம் போகத் தோன்றும். டாக்டருக்கோ வேதாரண்யம் போகத் தோன்றியது. யாத்திரைக்கு வேண்டிய ஏற்பாடுகளை முன்னின்று செய்து, மறுபடி ஜெயிலுக்குப் போனார்.

1937-ல் ராஜாஜி மந்திரிசபையில் சுகாதாரமும் அறநிலையமும் இவரிடம். 1939-ல் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்ததும் அந்த மந்திரிசபையின் காலத்தில்தான். ஒரு காலத்தில் தீட்டு என்று ஒதுக்கியிருக்கக்கூடிய ஊர்க்காரர், எல்லாருக்கும் கோவில் கதவு திறந்தபோது அறநிலைய மந்திரி! பெருமாள் படுத்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். சுதந்திரத்தை ஒட்டிய வருஷங்களில் மறுபடி மந்திரியாக இருந்துவிட்டு, 1953-ல் காலமானார். திருச்சியில் யாத்திரை புறப்பட்ட இடத்தில் ஒரு நினைவு ஸ்தூபி இருக்கிறது. போகிற போக்கில் ஒரு நிமிஷம் வண்டியை நிறுத்திப் பாருங்கள். ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும்.

இப்போது எங்கள் தாத்தாவுக்குத் திரும்பி வருகிறேன்.

போன வருஷம் அடையவளஞ்சான் தெரு வீட்டைப் பில்டரிடம் கொடுப்பதென்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. (எங்கள் குடும்பத்தில் ஏகமனதாக நடந்த ஒரே காரியம்.) பாத்திரங்கள், ஊஞ்சல், பெருமாள் படம் எல்லாம் போட்டி போட்டுக்கொண்டு பங்காயின. தாத்தா படத்துக்கு மட்டும் ஆள் இல்லை. "எங்க பிளாட்ல டி.வி. மாட்டினப்புறம் சுவரே இல்லைடா" என்றான் பெரியப்பா பிள்ளை. டல்லாஸிலிருந்து வீடியோ காலில் வந்த தங்கை பிள்ளை, "ஸ்கேன் பண்ணி வாட்ஸப்ல போட்டுடுங்கோ மாமா" என்றான்.

பரணைக் காலி செய்கிற வேலை என் தலையில் விழுந்தது. பூட்டிலேயே துரு ஏறிப்போன ஒரு டிரங்குப் பெட்டி. உள்ளே திருமண் பெட்டி, ஒற்றைக் கண்ணாடி மட்டும் உள்ள மூக்குக்கண்ணாடி (குரங்குக் கதை உண்மைதான் போலிருக்கிறது!), அதற்கடியில் கணக்கு நோட்டுகள். தாத்தா ஒரு ஆபீஸில் குமாஸ்தா. கணக்கு எழுதாமல் கண்ணை மூட மாட்டார். பிரமோதூத வருஷத்து நோட்டை எடுத்தேன். அதுதான் 1930. கை கொஞ்சம் நடுங்கிற்று. வேதாரண்யத்துக் கதையை அவர் கையெழுத்திலேயே படிக்கப் போகிறேன் அல்லவா?

'சித்திரை 1. ஞாயிறு. கோவிலடி. அப்பம் 0-1-0. செருப்பு வார் 0-2-0.'

அடுத்த வரி:

'சித்திரை 2. திங்கள். ஆபீஸ் போனேன்.'

அவ்வளவுதான். சித்திரை 3, கத்தரிக்காய். சித்திரை 4, பால் பாக்கி. தஞ்சாவூர் இல்லை, கும்பகோணம் இல்லை. அந்த மாதம் பூரா எங்கள் தாத்தா தினம் ஆபீஸ் போயிருக்கிறார். மாசக் கடைசியில் சம்பளம் 42-0-0 வரவு வைத்திருக்கிறார்.

போனில் காலண்டர் போட்டுப் பார்த்தேன். 1930 ஏப்ரல் 13, ஞாயிற்றுக்கிழமைதான். லீவு நாள்! தொண்டர்கள் பின்னாலேயே ஜனங்களோடு ஜனமாகக் கோவிலடி வரை போய், அப்பக்குடத்தான் சன்னிதியில் அப்பம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, திங்கட்கிழமை ஆபீசுக்கு லேட்டாகாமல் வந்து சேர்ந்திருக்கிறார். இதுதான் சுதந்திரப் போராட்டமா? அறுபது வருஷத்துத் திவசச் சாப்பாடு எனக்குத் தொண்டையில் வந்து நின்றது.

நோட்டை மூடப் போனவன் அப்போதுதான் பார்த்தேன். சித்திரை 2-க்குக் கீழே, ஓரத்தில், பொடி எழுத்தில்:

'15 மைல். பாக்கி 135.'

பக்கங்களைப் புரட்டினேன். வைகாசி 1: 'நடந்தவர் ஆத்துக்கு 2-0-0.' ஆனி 1: 'நடந்தவர் ஆத்துக்கு 2-0-0.' ஆடி, ஆவணி, புரட்டாசி... மாதம் பிறந்தால் முதல் வரி அதுதான். அரிசிக்கு முன்னால், பாலுக்கு முன்னால். யார் ஆம், எந்தத் தெரு, ஒன்றும் எழுதவில்லை. எழுதினால் வம்பு என்று நினைத்திருப்பார். மாசியோடு நின்றுவிடுகிறது. 1931 மார்ச்சில் காந்தி-இர்வின் ஒப்பந்தம் ஆகி, சத்தியாகிரகக் கைதிகளை விட்டார்கள். மாசி மாசக் கடைசி அது. நடந்தவர் ஆத்துக்கு வந்துவிட்டார். தாத்தாவும் நிறுத்திக்கொண்டார்.

பத்து மாசம். இருபது ரூபாய். 42 ரூபாய்ச் சம்பளத்தில், வீட்டில் ஆறு குழந்தைகளை வைத்துக்கொண்டு.

பரண் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். கீழே இருந்து என் சகதர்மிணி, "என்ன, பாம்பா?" என்று கேட்டாள். "இல்லை, தாத்தா" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரியை யோசித்துப் பார்த்தேன். முன்னால் போகும்போது பதினைந்து மைல் ஒன்றும் கஷ்டமில்லை. கூட்டம் இருக்கிறது, பாட்டு இருக்கிறது, வழியெல்லாம் ஜனங்கள் இருக்கிறார்கள். திரும்புகிறபோது? எல்லாரும் கோவிலடியில் தங்கி விடிந்ததும் கிழக்கே நடக்கப் போகிறார்கள். இவர் மட்டும் செருப்பு வாரைத் தைத்துக்கொண்டு, இருட்டில், தன்னந்தனியாக மேற்கே பதினைந்து மைல். வேலை போனால் ஆறு வயிறு. போகாவிட்டால் ஒரு மனசு. எதை எடுத்தார் என்பது நோட்டில் இருக்கிறது. எடுக்காததை மறக்கவில்லை என்பதும் இருக்கிறது.

யோசித்தால், தாத்தா பொய்யே சொல்லவில்லை. அவர் பேசி நான் கேட்டது குறைவு. எனக்கு நாலு வயசில் போய்விட்டார். ஆனால் அப்பா சொல்வார்: "உப்பு சத்தியாகிரகம்னு யாராவது பேச்செடுத்தா, 'நானும் நடந்தேன்'னு ஒரு வார்த்தை சொல்லிட்டு எழுந்து திண்ணைக்குப் போயிடுவார்." நடந்தேன் என்றுதான் சொன்னார். வேதாரண்யம் என்று சொல்லவில்லை. பாக்கி 135 மைலை நாங்கள்தான், திவசத்துக்குத் திவசம், சாப்பிட்ட இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே நடந்து முடித்திருக்கிறோம்.

இதைச் சொல்வதா வேண்டாமா என்று ஒரு மாசம் குழம்பினேன். இந்த வருஷத் திவசம், அந்த வீட்டில் கடைசித் திவசம். அத்தைக்கு 88 வயசு. சாப்பாடு ஆயிற்று. வழக்கம்போல அத்தை ஆரம்பித்தாள்.

"ராஜாஜியோட வேதாரண்யம் வரைக்கும்..."

"கோவிலடி வரைக்கும் அத்தை" என்றேன்.

கூடத்தில் சத்தமே இல்லை. டல்லாஸ்காரன்கூட வீடியோவில் உறைந்துபோனான். (அது நெட்வொர்க் என்று அப்புறம் தெரிந்தது.) நோட்டைப் பிரித்துப் படித்தேன். அப்பம் ஓர் அணா. ஆபீஸ் போனேன். பாக்கி 135. அப்புறம், நடந்தவர் ஆத்துக்கு இரண்டு ரூபாய், இரண்டு ரூபாய், இரண்டு ரூபாய் என்று பத்துத் தடவையும் விடாமல் படித்தேன்.

அத்தை ரொம்ப நேரம் பேசவில்லை. கோபம் என்று நினைத்தேன். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்:

"நான் அப்போ பொறக்கலை. அம்மா சொல்லிண்டே இருப்பா. அந்த வருஷம் தீபாவளிக்குப் பெரியக்காவுக்குப் பட்டுப் பாவாடை கிடையாதுன்னுட்டாராம். பணம் என்ன ஆச்சுன்னு அம்மா கேட்டாளாம். 'ஒரு கடன் இருக்கு'ன்னாராம். யார்கிட்ட வாங்கினேள், எதுக்கு வாங்கினேள்னு எத்தனை கேட்டும் வாயைத் திறக்கலையாம். சீட்டாட்டமோ என்னமோன்னு அம்மா சாகற வரைக்கும் சந்தேகப்பட்டாடா."

சொல்லிவிட்டு, சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். நாங்கள் எல்லாரும் பார்த்தோம். தாத்தா அதே மாதிரி முறைத்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் முறைப்பது மாதிரித் தெரியவில்லை. எதையோ வெளியே சொல்லாமல் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருக்கிற ஒருத்தர் மாதிரி இருந்தது.

"படத்தை நான் எடுத்துக்கறேன்" என்றான் பெரியப்பா பிள்ளை. சுவர் இல்லாதவன். "ஒரிஜினல் நோட்டு எனக்கு வேணும் மாமா" என்று டல்லாஸ் உயிர் பெற்றது. பத்து நிமிஷத்தில், சொத்துப் பிரிவினையில்கூட நடக்காத சண்டை. கடைசியில் படமும் நோட்டும் சேர்ந்தேதான் இருக்க வேண்டும், வருஷத்துக்கு ஒரு வீடு என்று தீர்மானம் ஆயிற்று. முதல் வருஷம் என் வீடு. டி.வி.யைக் கழற்றித்தான் மாட்டியிருக்கிறேன்.

பேத்தி நோட்டை வாங்கி, அந்தப் பொடி எழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"தாத்தா, பாக்கி 135 மைல் இருக்கே. அதை யார் நடக்கறது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் முழங்காலைப் பார்த்தேன்.

அத்தைதான் காப்பாற்றினாள். "அதை அப்புறம் பார்த்துக்கலாம். அடுத்த வருஷத்துலேர்ந்து யாரும் வேதாரண்யம்னு சொல்ல வேண்டாம். கோவிலடின்னே சொல்லுங்கோ" என்றாள். பிறகு ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டாள்:

"அந்த ஓரணா அப்பத்தையும் விட்டுடாம சொல்லுங்கோ. பாவம், அத்தனை தூரம் நடந்திருக்கார்."